மகள் சொன்னால் முதலில் நம்புங்க



நம்மில் பலர் குழுவில் கடன் வாங்கித்தான் மகளைக் காலேஜில் சேர்த்திருக்கோம். அவ ஒருநாள் போன் பண்ணி, "அம்மா, ஒருத்தன் என்கிட்ட தப்பா நடந்துக்கிட்டான்"னு அழுதா நம்ம வாயில முதல்ல என்ன வரும்? "நீ ஏன் அங்க போன?"

அதைக் கேட்காதீங்க. "தப்பு உன்மேல இல்ல, அம்மா இருக்கேன்"னு சொல்லுங்க. படிப்பை நிறுத்தாதீங்க.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே ஒரு மாணவிக்குக் கொடுமை நடந்தது. அந்தப் பெண் ஒதுங்கிப் போகாமல் புகார் கொடுத்தார். 2025 ஜூனில் குற்றவாளிக்கு 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை கிடைத்தது.

181-க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ஆஸ்பத்திரியில் உடனே இலவசமாகச் சிகிச்சை தரணும், அது சட்டம். அன்னைக்குப் போட்டிருந்த துணியைத் துவைக்காம எடுத்து வைங்க. கல்லூரியின் உள்ளகப் புகார் குழுவில் 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுங்க.

பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிடுவதும் குற்றம். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு நடந்தாலும் வாட்ஸ்அப்பில் பரப்பாதீங்க, துணைக்குப் போங்க.