ஒருவழி வாயில்



வால்வும் மின்கலமும் வேண்டாத வானொலிப் பெட்டி முன்னொரு காலத்தில் இருந்தது. கலீனா என்னும் ஈயக் கனிமத் துண்டின்மீது மெல்லிய கம்பி நுனியை வைத்து, இங்குமங்கும் நகர்த்தி, ஒலி பிறக்கும் புள்ளியைத் தேடுவர். அக்கம்பிக்குப் 'பூனை மீசை' என்று பெயர். உலோகமும் இத்தகைய படிகமும் தொடுமிடத்தில் மின்னோட்டம் ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் அரிதாகவும் செல்வதை 1874 ஆம் ஆண்டிலேயே பெர்டினாண்ட் பிறவுண் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டிருந்தார். அதன் காரணம் துலங்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. தொடுமிடத்தில் இலத்திரன்களை மறிக்கும் மதிலொன்று எழுகின்றதென்று 1938 இல் வால்ற்றர் ஷொட்கி விளக்கினார். உலோகத்தையும் குறைகடத்தியையும் இணைத்துச் செய்யும் இருவாயி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

சாதாரணச் சிலிக்கன் இருவாயியும் ஒருவழி வாயில்தான். ஆனால், அது சுங்கம் வாங்காமல் ஓட்டத்தை விடுவதில்லை. பெரிய ஓட்டம் செல்லுகையில் அது கொள்வது ஏறக்குறைய 0.9 உவோற்று, ஷொட்கி இருவாயி கொள்வது 0.4 அளவே. அரை உவோற்று ஒரு பொருட்டா என்று கேட்கலாம். 230 உவோற்றில் அன்று. 5 உவோற்றில் ஆம். 5 உவோற்றில் 10 அம்பியர் வழங்கும் கருவியொன்றில் முன்னது 9 உவாற்றை வீணே வெப்பமாக்கும். பின்னது 4 உவாற்றை. பயனுக்குக் கிடைப்பதோ 50 உவாற்றுத்தான். அன்றியும், திசை மாறும்போது உள்ளே தேங்கிய மின்னேற்றம் வெளியேறும்வரை ஷொட்கி வாயில் காத்திருப்பதில்லை. நொடிக்கு நூறாயிரம் முறை திறந்து மூடும் இக்கால மின்வழங்கிகளில் இது சிறிய நன்மையன்று.

இனி, கூரைமேல் உள்ள சூரிய மின்கலத் தகட்டைப் பாருங்கள். 60 கலங்கள் கொண்ட தகடு பெரும்பாலும் மூன்று பிரிவாக அமைந்திருக்கும். பிரிவுக்கொன்றாகப் பின்புறப் பெட்டியில் ஷொட்கி இருவாயி இருக்கும். தென்னோலையின் நிழல் ஒரு கலத்தில் விழுந்தால் அக்கலம் ஓட்டத்தை மறித்துத் தானே சூடேறிக் கருகவும் கூடும். அப்போது இருவாயி மாற்றுவழி திறந்து அதனைக் காக்கின்றது.

ஆபத்து, நிழல் நீங்கும் கணத்தில் வருகின்றது. சூடேறி நிற்கும் இருவாயியை எதிர்த்திசையில் 10 உவோற்று அளவு அழுத்தம் தாக்கும். மதில் தாழ்ந்ததாதலின் ஓட்டம் கசியும்; கசிவு வெப்பத்தைக் கூட்டும்; கூடிய வெப்பம் கசிவை மேலும் பெருக்கும். வெப்பம் வெளியேற வழியில்லையெனில் இருவாயி தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். மதிலை உயர்த்தினாலென்ன? உயர்த்தினால் சுங்கமும் உயரும்! 2001 இல் விற்பனைக்கு வந்த சிலிக்கன் காபைட்டு இருவாயிகள் 600 உவோற்றையும் தாங்கின. ஆனால், அவை குறைந்த சுங்கத்துக்காக அன்றி, விரைந்து மூடுவதற்காகவே விரும்பப்படுகின்றன.

ஆகையால் இருவாயியைத் தெரிபவர், அறை வெப்பநிலையில் அதன் கசிவு எவ்வளவு என்று பார்ப்பது போதாது. உச்சி வெயிலில், மூடிய பெட்டிக்குள் அது எவ்வளவு கசியும் என்பதையே பார்க்கவேண்டும். தகட்டைப் பொருத்துபவரும் அதற்கும் கூரைக்கும் இடையே காற்றோடும் இடைவெளி விடவேண்டும்.