எக்ஸ் கதிர் விண்மீன்களும் நமது முதலீடும்

(கார்வேட்டிநகரத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. 2015 செப்டம்பர் 28ஆம் நாள் அங்கிருந்து 'அஸ்ட்ரோசாட்' என்னும் செயற்கைக் கோள் ஏவப்பட்டது. பயிர்ப் பரப்பைக் கணக்கிடவோ, புயலை முன்னறியவோ அது அமைக்கப்படவில்லை. முற்றிலும் வானியலுக்கென நம் நாடு அனுப்பிய முதல் கோள் அது. ஆழ்குழாய்க் கிணறுகளை மேலும் மேலும் ஆழப்படுத்தி வரும் இவ்வட்டாரத்தில், இதற்கு ஏன் அரசுப் பணம் என்று ஒருவர் கேட்டால் அது முறையான கேள்வியே. விடை கூறுமுன், அக்கோள் எதைக் காண்கிறது என்பதைப் பார்ப்போம்.

பெரிய விண்மீன் ஒன்று எரிந்து முடிந்து வெடித்தபின் எஞ்சும் கரு, நியூட்ரான் விண்மீன் ஆகிறது. அதன் ஆரம், கார்வேட்டிநகரத்திற்கும் புத்தூருக்கும் இடைப்பட்ட தூரம் அளவே இருக்கும்; நிறையோ சூரியனைவிட அதிகம். அது தனித்திராமல் மற்றொரு விண்மீனோடு இரட்டையாகச் சுழலுமாயின், துணையிடமிருந்து வாயுவை ஈர்த்துக் கொள்கிறது. விழும் வாயு கோடிக்கணக்கான பாகை வெப்பமடைந்து எக்ஸ் கதிர்களை வீசுகிறது. ஹைட்ரஜன் அணுக்கள் இணையும்போது நிறையில் 0.7 விழுக்காடே ஆற்றலாகிறது; இவ்வீழ்ச்சியிலோ 10 விழுக்காட்டிற்கும் மேல் கிடைக்கக்கூடும். இத்துணை அடர்த்தியான பொருளை எந்த ஆய்வுக்கூடத்திலும் உண்டாக்க முடியாது.

இக்கதிர்களை வளிமண்டலம் தடுத்துவிடுவதால் மேலே சென்றுதான் காண வேண்டும். 1962இல் ஜியாக்கோனி குழுவினர் ராக்கெட் மூலம் விருச்சிக மண்டலத்தில் முதல் எக்ஸ் கதிர் மூலத்தைக் கண்டனர். 1970இல் கென்யக் கடற்கரையருகே ஏவப்பட்ட 'உஹுரு' கோள், சென்டாரஸ் எக்ஸ்-3 என்ற மூலம் சுமார் 4.8 விநாடிக்கு ஒருமுறை துடிப்பதையும், 2.1 நாளுக்கு ஒருமுறை துணை விண்மீனுக்குப் பின்னால் மறைவதையும் காட்டிற்று.

நாமும் பிந்தி வந்தவர்கள் அல்லர். 1960களிலேயே தும்பாவிலிருந்து ராக்கெட்டுகளும் ஐதராபாத்திலிருந்து பலூன்களும் இப்பணிக்கு அனுப்பப்பட்டன. 1975இல் ஆரியபட்டாவிலும் எக்ஸ் கதிர்க் கருவி இருந்தது. மின்வழங்கல் கோளாற்றால் சில நாட்களிலேயே அது ஓய்ந்தது. அஸ்ட்ரோசாட்டின் பெரிய எக்ஸ் கதிர்க் கருவி டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. ஒரு நியூட்ரான் விண்மீனின் வெடிப்பொளியில், அது விநாடிக்கு 363 முறை சுழல்வதன் சுவட்டை அக்கருவி பதிவு செய்தது. 2024 ஜனவரி 1ஆம் நாள், இராமன் ஆராய்ச்சி நிலையத்தின் கருவியோடு எக்ஸ்போசாட்டும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே சென்றது.

இனி பணத்திற்கு வருவோம். அஸ்ட்ரோசாட்டிற்குச் சுமார் 178 கோடி ரூபாய் செலவானதாகச் செய்திகள் கூறின. ஐந்தாண்டு ஆயுளுக்கென அமைந்த கோள், அதற்குப் பின்னரும் உழைத்தது. இத்தகைய ஆய்வால் மருத்துவக் கருவிகள் கிடைக்கும் என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் எனக்கு உவப்பன்று. மருத்துவக் கருவி வேண்டுமாயின் அதற்கே நேரடியாகச் செலவிடலாமே! என் நியாயம் வேறு. அறிவு என்பது ஒருவர் எடுத்துக்கொண்டதால் மற்றவருக்குக் குறையாத பொருள். இதைப் பொருளாதாரத்தில் பொதுப் பண்டம் என்போம். அஸ்ட்ரோசாட் திரட்டிய பதிவுகள் 2018 முதல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டுள்ளன. பெங்களூருக்கு அருகிலுள்ள பையலாலுவில் அவை சேமிக்கப்பட்டுள்ளன. இங்குள்ள ஒரு மாணவியும் கட்டணமின்றி அவற்றைப் பெறலாம்.

ஆனால், கதவு திறந்திருப்பதால் மட்டும் எவரும் உள்ளே வந்துவிடுவதில்லை. குளம் வெட்டியபின் வாய்க்கால் வெட்டாவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. கோளுக்கு நிதி ஒதுக்கத் தெரிந்த நாம், அதன் பதிவுகளைப் படிக்கத் தெரிந்த ஆசிரியரை மாவட்டக் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் உருவாக்க அதே அக்கறையோடு ஒதுக்கியிருக்கிறோமா? இல்லை என்பதே என் கணிப்பு. தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் இத்தகைய எல்லை ஊர்களில் பாடநூலுக்கு அப்பாற்பட்ட அறிவியல் எந்த மொழியிலும் எளிதில் கிடைப்பதில்லை.

ஆகையால் ஒரு வேண்டுகோள். மேல்நிலை வகுப்பில் டாப்ளர் விளைவை நடத்தும்போது இரயில் ஊதலோடு நிறுத்திவிடாதீர்கள். சென்டாரஸ் எக்ஸ்-3இன் துடிப்பு இடைவெளி, அது நம்மை நெருங்கும்போது குறைந்தும் விலகும்போது கூடியும் வருகிறது. அந்த எண்களை வரைபடத்தாளில் குறித்தால் அலை வடிவம் தோன்றும்; அதிலிருந்து 2.1 நாள் என்ற சுற்றுக்காலத்தை மாணவர்களே கண்டுபிடித்துவிடலாம். சித்திரை இரவில் தென்வானில் தாழ்வாகத் தெரியும் தென்சிலுவைக்குச் சற்று மேற்கே அது இருக்கும் திசையையும் காட்டலாம். கண்ணுக்குத் தெரியாதுதான், திசை தெரிந்தால் போதும்.