கிளி ஏன் தன் இறகையே பிடுங்குது?

எங்க வீட்டு சன் கான்யூர் கிளிக்கு நெஞ்சு மொட்டையாயிடுச்சு. தூத்துக்குடி உப்புக்காத்துல கொட்டுதுன்னு நெனச்சேன். ஆனா தலையில இறகு அப்படியே இருந்துச்சு. அலகு எட்டாத இடம் தலைதான். அப்போ பிடுங்குறது கிளியேதான்.

பக் எங்கன்னு தெரியாம கோடை மாத்தக் கூடாதில்ல? முதல்ல மருத்துவர்கிட்ட போனோம். தொற்று, ஒட்டுண்ணி, கல்லீரல் கோளாறுகூட காரணமா இருக்கலாம். எங்க கிளிக்கு நோய் இல்ல. சூரியகாந்தி விதை மட்டுமே சாப்பாடு, பகல் முழுக்கத் தனிமை. பிடுங்கும்போதெல்லாம் ஓடிப்போய்த் திட்டுவேன். அந்தக் கவனிப்பே அதுக்குப் பரிசு.

இப்போ கேரட், முருங்கைக்கீரை, இருட்டுல 10 மணி நேரத் தூக்கம். மக்ரூன் அட்டைப்பெட்டியில பாதாம் ஒளிச்சு வெச்சா, கிழிச்சுத் தேடிக்கிட்டே இருக்கும். நெஞ்சுல புது இறகுக் குருத்து வந்திருக்கு. வேர் சேதமானா இறகு திரும்ப முளைக்காது. தள்ளிப்போடாதீங்க.