நின்னு பண்றதா, உட்கார்ந்து பண்றதா? பதில் முழங்கையில இருக்கு

இந்த எபிசோட்ல கோடும் இல்ல, கேட்ஜெட் ரிவ்யூவும் இல்ல. ஒரு மேஜையைப் பத்திப் பேசப் போறோம்.

ராத்திரி லேப்டாப்பை மூடி வச்ச பிறகு சிலர் இன்னொரு மேஜைக்குப் போவாங்க. அதுல ஒரு சால்டரிங் அயர்ன் இருக்கும். இல்லன்னா பிரிச்சுப் போட்ட ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு, இல்லன்னா பாதி வேலை முடிஞ்ச ஒரு மர ஸ்டாண்டு. அந்த மேஜை முன்னாடி நிக்கணுமா, உட்காரணுமா? இதுதான் இன்னைக்குக் கேள்வி.

சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா டேப்ஸா ஸ்பேஸஸா சண்டை மாதிரி இதுலயும் ரெண்டு கட்சி இருக்கு. "நாள் பூரா ஆபீஸ்ல உட்கார்ந்துதான் இருக்கோம், ஹாபியையாவது நின்னு பண்ணலாமே"ன்னு ஒரு கட்சி. "நாள் பூரா உழைச்சுட்டு வந்து திரும்பக் கால் கடுக்க நிக்கணுமா"ன்னு இன்னொரு கட்சி. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா ரெண்டு பேரும் அவங்கவங்க அலுப்பைப் பத்தித்தான் பேசுறாங்க. மேஜை மேல நடக்கப்போற வேலை என்னன்னு யாரும் கேக்கல.

இதை ஏன் ஒரு எபிசோடா பேசணும்? எனக்குத் தெரிஞ்ச நிறைய பேர் ஆசையா ஆரம்பிச்ச ஹாபியை அஞ்சாறு மாசத்துல விட்டுட்டாங்க. கேட்டா "டைம் இல்ல", "இன்ட்ரெஸ்ட் போயிடுச்சு"ன்னு சொல்வாங்க. கொஞ்சம் துருவிக் கேட்டா வேற கதை வரும். நண்பர் ஒருத்தர் கீபோர்டு கிட் வாங்கி ஹால்ல இருக்கிற டீப்பாய் மேல வச்சு சால்டர் பண்ணுவார். அரை மணி நேரத்துல கழுத்து பிடிச்சுக்கும். அடுத்த நாள் ஆபீஸ் வேற. இப்போ அந்தப் பெட்டி பரண்ல இருக்கு. அவர் ஆர்வம் எங்கேயும் போகல, அவர் வேலை பார்த்த உயரம்தான் சரியில்ல.

நிக்கிறதே ஆரோக்கியமா?

முதல்ல இதை முடிச்சிடலாம். நின்னா நிறைய கலோரி எரியும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. 2018-ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை வந்தது. உட்கார்றதை விட நிக்கும்போது நிமிஷத்துக்குக் கூடுதலா செலவாகிறது சராசரியா 0.15 கிலோ கலோரிதான். 65 கிலோ எடை உள்ள ஒருத்தர் தினமும் ஆறு மணி நேரம் நின்னா 54 கிலோ கலோரி. ஏறக்குறைய ஒரு இட்லி. நம்ம ஹாபி ரெண்டு மணி நேரம்னா 18 தான் வரும். அதுக்காக நிக்க வேண்டியதில்ல.

அதோட, ரொம்ப நேரம் அசையாம நிக்கிறதும் உடம்புக்கு ஒரு சுமைதான். கால் வீங்கும், நரம்பு சுருட்டிக்கும், இடுப்பு வலிக்கும். துணிக்கடையில, நகைக்கடையில வேலை பார்க்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. அவங்களுக்கு உட்கார ஒரு இருக்கை கொடுக்கணும்னு கேரளா 2018-லயும், தமிழ்நாடு 2021-லயும் சட்டமே திருத்த வேண்டி வந்தது. அதனால நிக்கிறதை ஒரு நல்லொழுக்கம் மாதிரி பார்க்க வேண்டாம். உட்கார்றது சோம்பேறித்தனமும் இல்ல.

ரெண்டே கேள்வி

அப்போ எப்படி முடிவு பண்றது? வேலையைப் பார்த்து ரெண்டு கேள்வி கேட்டா போதும். பலம் எங்கிருந்து வருது? கண் எவ்வளவு கிட்ட போகணும்?

ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினியரிங் ப்ராக்டிசஸ் லேப் ஞாபகம் இருக்கா? அங்கே மரவேலையும் உண்டு, சால்டரிங்கும் உண்டு. மரத்தை இழைப்புளியால இழைக்கும்போது பலம் கையில இருந்து மட்டும் வர்றதில்ல. பின்னங்கால் தரையை உதைக்கும், இடுப்பு முன்னாடி நகரும், உடம்போட எடை கை வழியா மரத்துக்குப் போகும். இதையே நாற்காலியில உட்கார்ந்து பண்ணா காலும் இடுப்பும் வேலைக்கு வராது. முழு பாரமும் தோள் மேல விழும். அதுவும் ஆபீஸ் சக்கர நாற்காலின்னா கேக்கவே வேண்டாம். நீங்க மரத்தை முன்னாடி தள்ளினா, நியூட்டனோட மூணாவது விதி உங்களைப் பின்னாடி தள்ளும்.

சால்டரிங் இதுக்கு நேர் எதிர். பலம் ஒண்ணும் வேண்டாம். கை நடுங்கக் கூடாது, கண்ணு கிட்ட போகணும். நிக்கும்போது உடம்பு எப்பவும் லேசா ஆடிட்டே இருக்கும், அந்த ஆட்டம் கை நுனி வரைக்கும் வரும். உட்கார்ந்து, முழங்கையையோ மணிக்கட்டையோ மேஜையில ஊன்றினா நடுக்கம் அடங்கும். வாட்ச் ரிப்பேர் பண்றவங்க மேஜை சாதாரண மேஜையை விட உயரமா, உட்கார்ந்தா நெஞ்சு கிட்ட வர்ற மாதிரி இருக்கிறது இதனாலதான். தலை வேலைகிட்ட குனியறதில்ல, வேலை கண்ணுகிட்ட ஏறி வருது.

இப்போ டேப்பை எடுங்க

இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. கனடாவோட தொழில் பாதுகாப்பு மையம் நின்னு பண்ற வேலைக்கு ஒரு வழிகாட்டி வச்சிருக்கு. எல்லாத்தையும் முழங்கை உயரத்தை வச்சுத்தான் சொல்றாங்க. எலக்ட்ரானிக் அசெம்பிளி மாதிரி நுணுக்கமான வேலைன்னா முழங்கைக்கு 5 சென்டிமீட்டர் மேல, கூடவே முழங்கைக்கு ஒரு தாங்கல் வேணும். இலகுவான வேலைன்னா முழங்கைக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழ. அழுத்திப் பண்ற கனமான வேலைன்னா 20 முதல் 40 சென்டிமீட்டர் கீழ.

170 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஒருத்தரை எடுத்துக்கலாம். நிக்கும்போது அவர் முழங்கை தரையில இருந்து சுமார் 106 சென்டிமீட்டர்ல இருக்கும். அப்போ நின்னு சால்டர் பண்ண 111 வேணும். நின்னு ஸ்க்ரூ முடுக்க, ஸ்விட்ச் மாட்ட 96 முதல் 101. மரத்தை இழைக்க, உளி அடிக்க 66 முதல் 86.

நம்ம வீட்டு டைனிங் டேபிளோ ஸ்டடி டேபிளோ பொதுவா 75 சென்டிமீட்டர் உயரம். இது மேல சொன்ன மூணுல கனமான வேலைக்கு மட்டும்தான் பொருந்துது. இப்போ அதே ஆளை 45 சென்டிமீட்டர் நாற்காலியில உட்கார வைங்க. முழங்கை சுமார் 69-க்கு இறங்கிடும். அதே 75 டேபிள் இப்போ முழங்கைக்கு 6 சென்டிமீட்டர் மேல. நுணுக்கமான வேலைக்குக் கேட்ட உயரம் கிட்டத்தட்ட அதேதான்.

அதாவது ஒரே மேஜை. உட்கார்ந்தா சால்டரிங் பெஞ்ச், எழுந்து நின்னா தச்சு மேஜை. புதுசா எதுவும் வாங்க வேண்டாம். டைப் பண்ண அந்த மேஜை கொஞ்சம் உயரம்னு நாம எல்லாரும் குறை சொல்வோம். அதே உயரம் சால்டரிங்குக்கு வசதி.

இடையில விட்டுப்போனது இலகுவான வேலை. நின்னுட்டே அசெம்பிள் பண்ணணும்னா 75-ல குனிய வேண்டி வரும். அதுக்கு 25 சென்டிமீட்டர் உயரத்துல ஒரு உறுதியான மரப்பெட்டி செஞ்சு மேஜை மேல வைங்க. உயரம் 100 ஆயிடும். ஸ்டாண்டிங் டெஸ்க் விலையோட ஒப்பிட்டா ப்ளைவுட் செலவு ஒண்ணுமே இல்ல.

ஒரு விஷயம் கவனிங்க. இந்த அளவெல்லாம் கை வேலை செய்யற இடத்தோட உயரம், மேஜைப் பலகையோட உயரம் இல்ல. அரம் போடும்போது அழுத்தம் கீழ்நோக்கி மட்டும் போறதில்ல, முன்னாடி தள்ளணும். அதனால வைஸோட வாய் முழங்கை மட்டத்துக்கு வரணும்னு ஃபிட்டர்கள் சொல்வாங்க. சின்ன வைஸை 75 மேஜையில மாட்டினா 90 வாக்குலதான் நிக்கும். அடியில ஒரு கட்டை கொடுத்து உயர்த்துங்க, இல்லன்னா வைஸை அந்த மரப்பெட்டி மேல போல்ட் போட்டு மாட்டிப் பெட்டியை மேஜையோட கிளாம்ப் பண்ணிடுங்க.

மூணாவது வழியும் இருக்கு

நிக்கிறது, உட்கார்றதுன்னு சொல்லும்போது நாற்காலியை மட்டும் நினைக்கிறோம். நம்ம ஊர்ல தச்சு ஆசாரி தரையில உட்கார்ந்து, ரெண்டு பாதத்தால மரத்தை இறுக்கிப் பிடிச்சு உளி அடிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அவருக்குக் கால்தான் வைஸ். நகை ஆசாரி தரையில உட்கார்ந்து குட்டை மேஜையில வேலை பார்ப்பார். ஜப்பான்லயும் தச்சர்கள் தரை மட்டத்துல உட்கார்ந்து வேலை செய்யற பழக்கம் உண்டு. அவங்க ரம்பம் இழுக்கும்போது அறுக்கும். தன் பக்கம் இழுக்கிற வேலைக்கு நின்னு உடம்பை முன்னாடி தள்ள வேண்டிய தேவை குறைவு. ஐரோப்பிய ரம்பம் தள்ளும்போது அறுக்கும், அதுக்கு நின்ன உடம்போட எடை உதவும்.

அதனால சம்மணம் போட்டு உட்கார உங்க முட்டி ஒத்துழைச்சா, தரையும் ஒரு வொர்க் பெஞ்ச்தான். ஒண்ணு மட்டும், ஃப்ளாட்ல இருந்தா தரையில வச்சு சுத்தியலால அடிக்கிற சத்தம் நேரா கீழ் வீட்டுக்குப் போகும். அடியில கனமான ரப்பர் மேட் போடுங்க, ராத்திரி ஒன்பதுக்கு மேல வேண்டாம்.

பாதுகாப்பு

உட்கார்ந்து சால்டர் பண்ணும்போது உங்க மடி, உருகின ஈயத்துக்கு நேர் கீழ இருக்கு. ஈயம் கலந்த 63/37 சால்டர் 183 டிகிரி செல்சியஸ்ல உருகும். அயர்ன் நுனி 350 வாக்குல இருக்கும். ஷார்ட்ஸ் வேண்டாம், காட்டன் பேண்ட் போடுங்க. அயர்னுக்கு ஸ்டாண்டு கட்டாயம். அயர்ன் கை நழுவி விழுந்தா பிடிக்கப் போகாதீங்க, பின்னாடி நகர்ந்துடுங்க. அப்படி நகர நாற்காலிக்குப் பின்னாடி இடம் விட்டு வைங்க.

அடுத்தது புகை. ஃப்ளக்ஸ் புகை நேரா மேல ஏறும். குனிஞ்சு பார்த்தா உங்க மூக்கு அங்கேதான் இருக்கும். ரோசின் ஃப்ளக்ஸ் புகை ஆஸ்துமாவைக் கொண்டுவரக் கூடியது. முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டுல வைங்க, பக்கத்துல ஒரு சின்ன ஃபேனைப் புகையை இழுக்கிற மாதிரி திருப்பி வைங்க, ஜன்னலைத் திறந்து வைங்க.

டிரில், கட்டிங் டிஸ்க் மாதிரி சுத்துற எந்த மெஷினா இருந்தாலும் நின்னு பண்ணுங்க. ஏதாவது சிக்கினா ரெண்டு அடி பின்னாடி போக ஒரு நொடி போதும். நாற்காலியில இருந்தா அது முடியாது. டிஸ்க் சுத்துற நேர்கோட்டுல நிக்காம கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கண்ணாடி போட்டுக்கோங்க.

கடைசியா, சரியான உயரத்துலயும் ஒரே மாதிரி ரொம்ப நேரம் இருந்தா உடம்பு கேக்காது. வேலையையே கலந்து வைங்க. அரை மணி நேரம் உட்கார்ந்து சால்டர், அப்புறம் எழுந்து கேஸுக்கு அரம் போடுறது, திரும்ப வந்து டெஸ்ட் பண்றது. நிக்கும்போது ஒரு காலைச் சின்னக் கட்டை மேல மாத்தி மாத்தி வச்சா இடுப்புக்கு நல்லா இருக்கும். வெறும் டைல்ஸ் மேல நிக்காம ஒரு தடிமனான மேட் போட்டுக்கோங்க.

இந்த வார ஹோம்வொர்க் ரெண்டு அளவுதான். நின்னு முழங்கையை மடக்கி, தரையில இருந்து அளங்க. உட்கார்ந்து இன்னொரு தடவை அளங்க. அந்த ரெண்டு நம்பரையும் பென்சிலால மேஜை காலிலேயே எழுதி வைங்க. அடுத்த தடவை ஒரு வேலை ஆரம்பிக்கும்போது நாற்காலியை இழுக்கறதா, தள்ளி விடறதான்னு அதைப் பார்த்து முடிவு பண்ணுங்க. பரண்ல ஏதாவது பெட்டி தூங்கிட்டு இருந்தா, அதையும் இந்த சனிக்கிழமை கீழ இறக்குங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.