மாத்திரையும் வாந்தியும்

(பழவங்காடியில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பழவங்காடி மகாகணபதியை வணங்கி ஆரம்பிக்கிறேன். நான் டாக்டர் அல்ல, பி.எஸ்ஸி. விலங்கியல் படித்து, 32 வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். நான் செய்த ஒரு தப்பைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

2018 ஆகஸ்ட் வெள்ளம் வடிந்ததும் செங்கன்னூரில் அத்திம்பேர் ஆத்தைச் சுத்தம் செய்யப் போனேன். இரண்டு நாள் சேற்றில் நின்றோம். எலியின் சிறுநீர் கலந்த ஜலத்திலிருந்து, காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போய்விடும். அதைத் தடுக்க, டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, வாரம் ஒருமுறை சாப்பிடும்படி சுகாதார ஊழியர்கள் கொடுத்தார்கள்.

அன்று ஏகாதசி. வெறும் வயிற்றில், ஒரு மடக்கு ஜலத்தோடு விழுங்கிவிட்டுப் படுத்தேன். சற்று நேரத்தில் குமட்டல், பிறகு வாந்தி. "இது நமக்கு ஒத்துக்காது அத்திம்பேர், நீங்களும் சாப்பிடாதீங்கோ" என்றேன். அவரும் கேட்டார். பத்தாம் நாள் அவருக்குக் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி. எலிக்காய்ச்சல்தான். சிறுநீரகம் பாதித்து, டயாலிசிஸ் வரை போய், பகவத் கிருபையால் பிழைத்தார். மாத்திரை சாப்பிட்டிருந்தால் வந்தே இருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தடுத்தவன் நான்.

மருந்தால் வாந்தி வருவது முக்கியமாக இரண்டு வழியில். சில மருந்துகள் வயிற்றின் உட்சுவரை உறுத்தும். நரம்பு மூளைக்குச் சேதி சொல்லும். வேறு சில, ரத்தத்தில் கலந்து மூளையின் அடிப்பகுதியில் உள்ள வாந்தித் தூண்டலிடத்தை நேரே தொடும்.

டாக்ஸிசைக்ளின் பெரும்பாலும் முதல் வகை. சாப்பாட்டுக்குப் பின், ஒரு டம்ளர் நிறைய ஜலத்துடன் விழுங்கி, அரை மணியாவது படுக்காமல் இருந்தால் உபத்திரவம் குறையும். இரும்புச்சத்து மாத்திரையோ ஆன்டாசிட்டோ கூடவே சாப்பிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினையும் சாப்பாட்டோடு எடுத்துக்கொண்டால் குமட்டல் குறையும்.

ஆனால் இருதயத்துக்கு டிகாக்ஸின் சாப்பிடுகிறவருக்குப் பசி போய் வாந்தி வந்தால், மருந்து உடம்பில் அதிகமாகிவிட்டதற்கு அடையாளமாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் போக வேணும்.

ஆகவே, தானாக நிறுத்துவதும் தப்பு, பல்லைக் கடித்துப் பொறுப்பதும் தப்பு. டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய 2010-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டமும் இருக்கிறது. 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நாமே தெரிவிக்கலாம்.

பலத்த மழை பெய்தால் நம் பழவங்காடியிலும் ஜலம் தேங்குகிறது. அதில் நடந்துவிட்டு டாக்டர் மாத்திரை கொடுத்தால், முதலில் சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் என்னைப் போன்ற அரைகுறையிடம் யோசனை கேட்காதீர்கள்.