வெளியே உட்கார்ந்திருப்பவன்



'தலைமைப் பண்பு' பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். எனக்குத் தெரிந்தது கபடி. இந்தத் துறையூர் வட்டாரத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக விசில் ஊதியவன் நான். ஆகவே கபடியைப் பற்றியே பேசுகிறேன். என் பாடவேளையைக் கடன் வாங்கிப் போன கணக்கு ஆசிரியர்கள் சிலர் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள். திருப்பித் தந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் கதை பின்னால் வருகிறது.

கபடி அணியில் 12 பேர். களத்தில் 7 பேர், மாற்று ஆட்டக்காரர்கள் 5 பேர். பார்க்க வந்தவர்களின் கண் அந்த ஏழு பேர் மேல்தான் இருக்கும். பயிற்சியாளர் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டுமானால் மற்ற ஐந்து பேரைக் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தொடப்பட்டு வெளியேறியவன் கோட்டுக்கு வெளியே போய் உட்காருவான். அவன் அணியில் ஒருவன் எதிரணி ஆளை அவுட் ஆக்கினால், முதலில் வெளியே போனவன் முதலில் உள்ளே வருவான். போனஸ் புள்ளி எடுத்தால் கணக்கில் ஒன்று கூடும், ஆனால் ஆள் உள்ளே வர மாட்டான். இந்த விதியை ஆயிரம் பிள்ளைகளுக்காவது சொல்லிக் கொடுத்திருப்பேன். அது எனக்குப் புரிய நாளாயிற்று.

தொண்ணூறுகளின் கடைசி. பச்சைமலையிலிருந்து ஒரு பையன் ஒன்பதாம் வகுப்பில் படித்தான். பாடிப் போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டான். ஒல்லி உடம்பு, நாலு பேர் பிடித்தாலும் நழுவி மையக்கோட்டைத் தொட்டுவிடுவான். ஒரே குறை, காலைப் பயிற்சிக்கு எப்போதும் தாமதம். 'மூன்று நாள் தாமதமாக வந்தால் ஆட்டம் கிடையாது' என்பது நான் போட்ட சட்டம். குறுவட்டப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அவனை இறக்கவில்லை. நாற்பது நிமிடமும் சீருடையோடு வெளியே உட்கார்ந்திருந்தான். இரண்டு புள்ளியில் தோற்றோம். 'தோற்றாலும் ஒழுக்கத்தைக் காப்பாற்றினேன்' என்று தலைமை ஆசிரியரிடம் பெருமையாகவே சொன்னேன்.

அடுத்த வாரம் இன்னொரு பையன் சொன்னான்: "அவங்க ஊருக்குக் காலையில பஸ் கெடையாது சார். இருட்டுல கெளம்பி அடிவாரம் வரைக்கும் நடந்து வருவான்." மூன்று மாதம் அவனைத் தாமதத்துக்காக ஓட விட்டிருக்கிறேன். 'ஏன் தாமதம்?' என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை, நாம் கத்திக்கொண்டிருக்கும்போது எந்தப் பையன் சொல்வான்? அரையாண்டுத் தேர்வுக்கு அவன் வரவில்லை. திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரை அடிக்க வேண்டி வந்தது.

அந்த நாட்களில்தான் சையது அப்துல் ரகீமைப் பற்றிப் படித்தேன். ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர்; பிறகு இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற அணியும் அவருடையதுதான். நான்கே ஆண்டுகளில், 1956 மெல்போர்னில், அரையிறுதி வரை போய் நான்காம் இடம் பிடித்த அணியும் அவருடையதுதான். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜர்னைல் சிங் என்ற தடுப்பாட்டக்காரருக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். நானாக இருந்தால் 'ஓய்வெடு' என்று உட்கார வைத்திருப்பேன். ரகீம் அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். தென்கொரியாவுடன் இறுதி ஆட்டம்; ஒரு லட்சம் பேர் கூடிய மைதானம், இந்தியாவுக்கு எதிரான கூச்சல். பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். 2-1, தங்கம். புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த ரகீம் அடுத்த ஆண்டு ஜூனில் காலமானார்.

தையல் போட்ட தலையோடு ஆட விட்டது சரியா என்று இன்றைய மருத்துவர் கேட்பார், கேட்க வேண்டியதுதான். நான் பார்ப்பது வேறு. தன் ஆட்களில் யாரால் எந்த இடத்தில் என்ன முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கோ என் பையன் எந்த ஊரிலிருந்து எப்படி வருகிறான் என்பதே தெரியவில்லை.

மறு ஆண்டு காலைப் பயிற்சியை நிறுத்தினேன். மாலையில் வைத்தால் மலைக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கடைசிப் பேருந்து போய்விடும். எனவே பள்ளி நேரத்துக்குள்தான் முடிக்க வேண்டும். கணக்கு ஆசிரியரிடம் போய் நின்றேன். "சார், இத்தனை வருஷம் நீங்க வாங்கினதுல வாரத்துக்கு ரெண்டு பீரியட் திருப்பிக் கொடுங்க" என்றேன். சிரித்துவிட்டு, செவ்வாயும் வியாழனும் கடைசிப் பாடவேளையைக் கொடுத்தார். அந்த ஆண்டு அணியில் மலைப்பிள்ளைகள் நான்கு பேர். குறுவட்டத்தில் அரையிறுதியிலேயே வெளியேறிவிட்டோம். ஆனால் அந்த நால்வரும் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள் துறையூர் பேருந்து நிலையத்தில் ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நரை தட்டியிருந்தது. நழுவும் அந்தத் தோளைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டேன். "சார், அன்னைக்கு என்னை எறக்கியிருந்தா ஜெயிச்சிருப்போம்" என்றார். "ஆமாப்பா, தப்பு என்னோடதுதான்" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே பேச்சை மாற்றி, மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். "கபடி ஆடுவாளா?" என்று கேட்டேன்.

"ஆடுவா சார். ஆனா காலையில கொஞ்சம் லேட்டாத்தான் வருவா. அவங்க சார்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறீங்களா?"

மறுநாள் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.