பூட்டு ஒண்ணு, சாவி ஆளுக்கு ஒண்ணு

(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவையில் நமது கணினிப் பொறுப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்குக் குழுவில் ஒருவர் படித்துக் காட்டவும்.)



என்னைக் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. "அதெல்லாம் ஆபீசுல இருக்கிறவங்க சமாச்சாரம், நமக்கு என்ன?"ன்னு பின்னாடி ஒரு அக்கா கேட்கிறது காதுல விழுது. நியாயமான கேள்விதான். அதனால முதல்ல கம்ப்யூட்டரை விட்டுடறேன். கையெழுத்தைப் பத்திப் பேசறேன்.

குழு ஆரம்பிச்ச புதுசுல நம்மில் பாதிப்பேர் கைநாட்டு. ராத்திரி சமையல் முடிச்சு, சிலேட்டுல பேரு எழுதிப் பழகினோம். பேங்குல கணக்கு ஆரம்பிச்சப்போ ஊக்குநர், பிரதிநிதி ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாத்தான் பணம் எடுக்க முடியும்னு வெச்சாங்க. ஒருத்தி மட்டும் போய் எடுத்துட்டு வர முடியாது. "எனக்கு ஊருக்குப் போகணும், என் கையெழுத்தையும் நீயே போட்டுக்கோ"ன்னு நாம யாராவது சொல்லியிருக்கோமா? சொல்ல மாட்டோம். கையெழுத்துங்கிறது அவங்கவங்க பொறுப்பு என்று நமக்குத் தெரியும்.

ஆனா கம்ப்யூட்டர்ல நாங்க அதைத்தான் செஞ்சோம். அதனால ஒரு பெண் பன்னிரண்டு நாள் தலைகுனிஞ்சு நின்னாங்க. அந்தத் தப்பை ஒளிக்காம உங்க முன்னாடி சொல்லணும்னுதான் வந்திருக்கேன்.

ஒரு பூஜ்யம் போன கதை

மூணு வருஷத்துக்கு முன்னால மார்ச் கணக்கு முடிக்கிற நேரம். நம்ம கடன் கணக்கையெல்லாம் இணையத்துல ஏத்தி, தொகுப்பு அலுவலகத்துல இருந்தே பதிவு பண்ற மாதிரி செஞ்சிருந்தோம். உள்ளே போக ஒரு பேரு, ஒரு பாஸ்வேர்டு. பேரு "கூட்டமைப்பு". பாஸ்வேர்டு என்னன்னா, கூட்டமைப்புப் பேரோட ஆரம்பிச்ச வருஷம். அதை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி மேஜைக் காலண்டருக்குப் பின்னால ஒட்டி வெச்சது நான்தான். "எல்லாருக்கும் சுலபமா இருக்கட்டும்"னு நெனச்சேன்.

ஒரு உறுப்பினர் கடன் தவணை 6,000 ரூபாய் கட்டி ரசீது வாங்கியிருந்தாங்க. மறுமாசம் பார்த்தா கம்ப்யூட்டர்ல 600 ரூபாய்னு இருக்கு. மீதி 5,400 எங்கே? ரசீது போட்டது தொகுப்புக் கணக்காளர். "நான் 6,000 வாங்கினேன், 6,000 பதிஞ்சேன், பேங்குல கட்டினேன்"னு அவங்க சத்தியம் பண்றாங்க. நம்பறதா வேண்டாமா?

நான் கம்ப்யூட்டர் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். யார் எப்போ எந்தப் பக்கத்தைத் தொட்டாங்கன்னு அது தேதி, நேரத்தோட எழுதி வைக்கும். 4-ம் தேதி மத்தியானம் பதிவு. 11-ம் தேதி சாயங்காலம் 6.40-க்கு மறுபடி திருத்தம். ரெண்டுக்கும் நேரா எழுதியிருந்த பேரு "கூட்டமைப்பு". அந்தப் பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க ஏழு பேர். வேலையை விட்டுப் போன ரெண்டு பேருக்கும் தெரியும். பிரிண்டர் சரி பண்ண வந்த பையனுக்கும் நானே சொல்லியிருந்தேன். இதுல யாருன்னு எப்படிச் சொல்றது?

குறிப்பு சொல்லாததை வாய் சொல்ல ஆரம்பிச்சிடுச்சு. பணம் வாங்கினது அவங்கதானே என்று பேச்சு கிளம்பி, ஊருக்குள்ள போயிடுச்சு. அவங்க வீட்டுக்காரர் வரைக்கும் போயிடுச்சு. அவங்க ஆபீசுக்கு வர்றதை நிறுத்திட்டாங்க.

அன்னைக்குப் பல குழுப் பணத்தை மொத்தமா ஒரே தொகையாக் கட்டியிருந்ததால, ஒவ்வொரு ரசீதாக் கூட்டிப் பேங்குப் பாஸ்புக்கோட ஒத்துப்பார்க்கப் பன்னிரண்டு நாள் ஆச்சு. தொகை சரியா இருந்தது. 6,000-மும் பேங்குல இருந்தது. பணம் எங்கேயும் போகலை, ஒரு பூஜ்யம்தான் போயிருந்தது. 11-ம் தேதி யாரோ வேற எதையோ திருத்தப்போய்க் கை தவறிடுச்சு. அது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நானாக்கூட இருக்கலாம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமா இருக்கு, ஆனா சொல்லித்தான் ஆகணும்.

பாஸ்வேர்டுன்னா திருடனைத் தடுக்கத்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நல்லவங்க மேல பழி விழாம இருக்கவும் அதுதான் வேணும்னு அப்போதான் புரிஞ்சது.

வாசலில் நிற்கிற காவல்காரர்

அதுக்கப்புறம் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சியாளர்கிட்ட ரெண்டு வாரம் உட்கார்ந்து கத்துக்கிட்டேன். கத்துக்கிட்டதைச் சுருக்கமாச் சொல்றேன்.

நம்ம கணக்கு இருக்கிற கம்ப்யூட்டருக்கு வெப் சர்வர்னு பேரு. கேட்கிறவங்களுக்குக் கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுக்கிறதுதான் அதோட வேலை. நம்மகிட்ட இருக்கிற சர்வர்ல ஓடுறது அப்பாச்சி என்கிற இலவச மென்பொருள். பூட்டுப் போட்ட பக்கத்தை யாராவது கேட்டா, அது 401-ன்னு ஒரு எண்ணைத் திருப்பி அனுப்பும். "நீங்க யாருன்னு சொல்லுங்க"ன்னு அர்த்தம். அப்போதான் பேரும் பாஸ்வேர்டும் கேட்கிற சின்னக் கட்டம் திரையில வரும். சில நேரம் 403-ன்னு வரும். அந்தப் பக்கத்துல உங்களுக்கு அனுமதி இல்லைன்னு அர்த்தம். நீங்க யாருன்னு அதுக்குத் தெரிஞ்சிருந்தாலும் விடாது. நீங்க யாருங்கிறது ஒரு கேள்வி. உங்களுக்கு என்ன அதிகாரம்ங்கிறது வேற கேள்வி. குழுவுல உறுப்பினர் யாரு, செக்குல கையெழுத்துப் போடறது யாருன்னு தனித்தனியா வெச்சிருக்கோமே, அதே மாதிரி.

அதனால முதல் வேலையா "கூட்டமைப்பு"ங்கிற பொதுப் பேரை எடுத்துட்டோம். ஆளுக்கு ஒரு பேரு, ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. அப்புறம் மூணு பிரிவு வெச்சோம். பார்க்க மட்டும் உரிமை உள்ளவங்க, பதிவு செய்ய உரிமை உள்ளவங்க, பதிஞ்சதைத் திருத்த உரிமை உள்ளவங்க. திருத்துற பக்கம் ரெண்டே பேருக்குத்தான் திறக்கும். இப்போ குறிப்பைப் பார்த்தா ஒவ்வொரு வரியிலயும் ஒரு ஆளோட பேரு இருக்கும். முன்னாடி அந்தக் குறிப்பு சில வாரத்துல தானா அழிஞ்சுடும். இப்போ தணிக்கை முடியிற வரைக்கும் வெச்சிருக்கோம்.

ஒருத்தர் வேலையை விட்டா, அன்னைக்கே அந்த ஒரு பேரை மட்டும் நீக்கிடறோம். மத்தவங்க யாரும் எதையும் மாத்த வேண்டியதில்லை.

இதுலயும் நான் ஒரு தப்புப் பண்ணினேன். பேரு சேர்க்க எச்.டி.பாஸ்வேர்டு என்கிற சின்னக் கருவி இருக்கு. முதல் தடவை புதுப் பட்டியல் தொடங்க, கட்டளையில "சி"ன்னு ஒரு எழுத்துப் போடணும். ரெண்டாவது ஆளைச் சேர்க்கும்போதும் அதே எழுத்தைப் போட்டேன். பழைய பட்டியல் அழிஞ்சு புதுசாத் தொடங்கிடுச்சு. முதல் ஆளு உள்ளே போக முடியலை! கணக்கு நோட்டுல எழுத எழுத முதல் பக்கத்தைக் கிழிச்ச மாதிரி. மத்தக் கூட்டமைப்புல இந்த வேலை செய்யிற தங்கச்சிங்க இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க. அந்த "சி" முதல் தடவை மட்டும்தான்.

மாவு அரைத்தால் அரிசி திரும்புமா?

"ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு சரி. ஆனா அது எல்லாம் உன்கிட்டத்தானே இருக்கும்? நீ பார்த்துட்டா?"ன்னு நம்ம பொருளாளர் அக்கா கேட்டாங்க. சரியான கேள்வி. பதில் என்னன்னா, என்னாலயும் பார்க்க முடியாது. பார்க்க முடியாத மாதிரித்தான் வைக்கணும்.

அரிசியும் உளுந்தும் போட்டு அரைச்சிட்டோம். மாவுல இருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியுமா? முடியாது. அந்த மாதிரி, நீங்க கொடுக்கிற பாஸ்வேர்டை சர்வர் அரைச்சு, மாவை மட்டும்தான் வைக்கும். மறுநாள் நீங்க வந்து பாஸ்வேர்டு சொன்னா, அதையும் அரைச்சு, பழைய மாவோட ஒத்துப்பார்க்கும். ஒத்துப்போனாக் கதவு திறக்கும். அரிசி அதுகிட்ட இருக்கவே இருக்காது. அதனாலதான் யாராவது பாஸ்வேர்டை மறந்துட்டா "உங்க பழையது இதுதான்"னு என்னால சொல்ல முடியாது. புதுசுதான் வைக்க முடியும்.

ரெண்டு பேரு ஒரே பாஸ்வேர்டு வெச்சா மாவும் ஒரே மாதிரி ஆயிடுமே? அதுக்காக ஒவ்வொருத்தர் பாஸ்வேர்டோடயும் வேற வேற எழுத்துக் கொஞ்சம் சேர்த்து அரைப்பாங்க. அதுக்குக் கம்ப்யூட்டர்காரங்க வெச்ச பேரே உப்புதான்! நிஜமா உப்புன்னுதான் சொல்றாங்க. உப்பு வேறன்னா மாவும் வேற.

இன்னொண்ணு, மெதுவா அரைக்கிற கல்லுதான் நல்ல கல்லு. பட்டியலைத் திருடினவன் லட்சக்கணக்கான வார்த்தையை ஒவ்வொண்ணா அரைச்சு அரைச்சு ஒத்துப்பார்ப்பான். அரைக்க நேரம் ஆச்சுன்னா அவன் வேலை நடக்காது. 1999-ல வெளிவந்த பி-கிரிப்ட் என்கிற முறை அப்படி வேணும்னே மெதுவா அரைக்கும். நாங்க அதைத்தான் வெச்சிருக்கோம். அந்தப் பட்டியலையும் வெளியாள் கேட்டா எடுத்துக் கொடுக்கிற அறையில வைக்காம, வேற அறையில வெச்சிருக்கோம்.

அரைக்காம வெச்சா என்ன ஆகும்? 2009-ல அமெரிக்காவுல ராக்யூ என்ற கம்பெனி, சேர்ந்தவங்க பாஸ்வேர்டை அப்படியே எழுத்துல வெச்சிருந்தாங்க. திருடன் புகுந்து 3 கோடியே 20 லட்சத்துக்கும் மேல அள்ளிட்டான். அதுல அதிகம் பேர் வெச்சிருந்த பாஸ்வேர்டு என்ன தெரியுமா? 123456. படிச்சவங்கதான், நம்மளை மாதிரியே சுலபமா இருக்கட்டும்னு வெச்சிருக்காங்க.

வழியில் யாரும் படிக்கக்கூடாது

வீட்டுப் பூட்டு நல்லா இருந்தாலும், சாவியை எல்லாரும் பார்க்கத் தெருவுல தூக்கிட்டுப் போகக்கூடாது. இந்த அப்பாச்சிக் கட்டத்துல நீங்க அடிக்கிற பாஸ்வேர்டு, ஒவ்வொரு பக்கம் கேட்கும்போதும் கம்பி வழியா சர்வருக்குப் போகும். எழுத்தைக் கொஞ்சம் மாத்திப் போகுமே தவிர, தெரிஞ்சவன் நொடியில திருப்பிப் படிச்சுடுவான். உறை போடாத தபால் கார்டு மாதிரி. அதனால முகவரி எச்.டி.டி.பி.எஸ்.ன்னு ஆரம்பிக்கணும். கடைசியில "எஸ்" இருந்தா கார்டை உறைக்குள்ள போட்டு ஒட்டின மாதிரி. அதுக்கு வேண்டிய சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாத் தருது. காலாவதி ஆகிறதுக்குள்ள புதுப்பிக்கணும், அவ்வளவுதான்.

ரெண்டு குறையையும் சொல்லிடறேன். இந்த முறையில "வெளியேறு"ன்னு ஒரு பொத்தான் கிடையாது. வேலை முடிஞ்சா பிரவுசரை முழுசா மூடணும். மூடாம எழுந்து போனா, அடுத்து உட்கார்றவங்க உங்க பேருல பதிவாங்க. நெட் சென்டர்லயோ, பையனோட செல்லுலயோ பார்க்கும்போது "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?"ன்னு கேட்டா வேண்டாம்னு அழுத்துங்க. ரெண்டாவது குறை, எத்தனை தடவை தப்பா அடிச்சாலும் அப்பாச்சி தானாப் பூட்டிக்காது. அதைத் தடுக்க வேற ஒரு காவல் மென்பொருளை வெச்சிருக்கோம்.

நாம் செய்ய வேண்டியது

1. நீளமான பாஸ்வேர்டு வையுங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத நாலு வார்த்தை போதும். பிள்ளை பேரு, பிறந்த வருஷம், செல் நம்பர் வேண்டாம்.

2. மாசாமாசம் மாத்த வேண்டியதில்லை. அப்படிக் கட்டாயப்படுத்த வேண்டாம்னு அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமே 2017-ல சொல்லிடுச்சு. யாருக்காவது தெரிஞ்சுபோச்சுன்னு சந்தேகம் வந்தா உடனே மாத்துங்க.

3. ஒரே பாஸ்வேர்டை எல்லாத்துக்கும் வைக்காதீங்க. ஒரு இடத்துல போனா எல்லா இடத்துலயும் போயிடும்.

4. தலைவி கேட்டாலும், அதிகாரி கேட்டாலும், நானே கேட்டாலும் சொல்லாதீங்க. ஏ.டி.எம். நம்பரும், செல்லுக்கு வர்ற ஓ.டி.பி.யும் அப்படித்தான்.

5. ரசீது வாங்காம பணம் கட்டாதீங்க. அன்னைக்கு உண்மையைச் சொன்னது அந்தக் காகித ரசீதும் பாஸ்புக்கும்தான்.

கடைசியா ஒண்ணு. அந்தக் கணக்காளர் அக்கா வீட்டுக்குத் தலைவியும் நானும் போய் மன்னிப்புக் கேட்டோம். அவங்க ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "பணம் சரியாயிடுச்சு. பேசின பேச்சை எந்தப் பாஸ்புக்குல சரி பண்ணுவீங்க?"ன்னு கேட்டாங்க. எங்ககிட்ட பதில் இல்லை. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வேலைக்கு வந்தாங்க. புதுப் பட்டியல்ல முதல் பேரு அவங்க பேருதான். பாஸ்வேர்டு அடிக்கிறப்போ என்னைத் திரும்பி நிக்கச் சொன்னாங்க. திரும்பி நின்னேன். அதுதான் சரி.

அவங்க இன்னிக்கு இந்தக் கூட்டத்துல உட்கார்ந்திருக்காங்க. பேரைச் சொல்ல வேண்டாம்னு சொல்லிட்டாங்க. கதையைச் சொல்லலாம்னு அனுமதி கொடுத்ததுக்கு அவங்களுக்கு நன்றி சொல்லி முடிக்கிறேன்.

(அடுத்த குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்: நம் குழுவில் ஒருவருடைய ஏ.டி.எம். நம்பரோ, பாஸ்வேர்டோ இன்னொருவருக்குத் தெரிந்திருக்கிறதா? தெரிந்திருந்தால் அன்றே மாற்றிவிட்டு, மாற்றியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். புது நம்பரை எழுத வேண்டாம்!)